நேர இடைவெளித் தேடலுக்கு போஸ்ட்கிரஸ்: எங்கே அசத்துகிறது, எங்கே காலை வாருகிறது

ஒரு டேட்டாபேஸை எடைபோட "மார்ச் மாத ஆர்டர்களை மட்டும் கொடு" என்று கேட்டுப் பார்த்தாலே போதும். மாதம் எந்த நொடியில் முடிகிறது, யாருடைய நள்ளிரவு, ஒரு நாளுக்கு எத்தனை மணி, ஒன்றுமே பதிவாகாத நாளுக்கு என்ன காட்டுவது என்று அந்த ஒரு வரிக்குள் நாலைந்து கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. இந்த மதிப்புரை போஸ்ட்கிரஸ் (போஸ்ட்கிரஸ்கியூஎல்) என்ற இலவச டேட்டாபேஸை அந்த ஒரு வேலைக்கு மட்டும் வைத்துப் பார்க்கிறது. ரெப்ளிகேஷன், ஜேசன் எல்லாம் இங்கே பேச்சில்லை. எந்த வசதி எந்தப் பதிப்பில் வந்தது என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். க்வெரிகள் படிக்க வசதியாக ஒலிபெயர்ப்பில் இருக்கின்றன; தட்டும்போது ஆங்கிலத்தில்தான்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: இலவசமாகக் கிடைப்பவற்றில் இந்த வேலைக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் டைம்ஸோன் விஷயத்தில் இதை அப்படியே நம்பி விட்டுவிட முடியாது.

ஓரக் கணக்கு

'இதற்கும் அதற்கும் இடையே' என்று கேட்கும் 'பிட்வீன்' இரண்டு ஓரங்களையும் சேர்த்துக்கொள்ளும். இது எஸ்க்யூஎல் (டேட்டாபேஸ்களின் க்வெரி மொழி) தரத்தின் விதி, போஸ்ட்கிரஸின் குற்றமில்லை. ஆனால் வலி நமக்குத்தான்.

வேர் நேரம் பிட்வீன் '2024-03-01' ஆண்ட் '2024-03-31'

ஃபீல்டு டைம்ஸ்டாம்ப் (தேதியும் நேரமும் சேர்ந்த) வகையாக இருந்தால் இங்கே '2024-03-31' என்பது அன்று நள்ளிரவு 00:00:00. காலை 10:15-க்கு வந்த ஆர்டர் வெளியே நிற்கும். மாதத்தின் கடைசி நாள் முழுக்கக் காணாமல் போகும். எரரும் வராது, எச்சரிக்கையும் வராது. முடிவை '2024-04-01' என்று மாற்றினால், ஏப்ரல் 1 நள்ளிரவில் துல்லியமாக விழுந்த பதிவு மார்ச் கணக்கிலும் வரும், ஏப்ரல் கணக்கிலும் வரும். அப்படி எங்கே விழப்போகிறது என்று அலட்சியம் வேண்டாம். தேதி மட்டும் தெரிந்த பதிவுகளை வெளியிலிருந்து ஏற்றும்போது எல்லாமே 00:00:00-இல்தான் உட்காரும். '23:59:59' என்று ஒட்டுப்போடுபவர்களும் உண்டு. போஸ்ட்கிரஸ் மைக்ரோநொடி வரை சேமிக்கிறது, 23:59:59.4-க்கு வந்தவன் கதி?

சரியான வடிவம் ஒன்றுதான்:

வேர் நேரம் >= '2024-03-01' ஆண்ட் நேரம் < '2024-04-01'

தொடக்கம் உள்ளே, முடிவு வெளியே. அடுத்தடுத்த இடைவெளிகள் இடைவெட்டும் இல்லாமல் விரிசலும் இல்லாமல் ஒட்டிக்கொள்ளும். மாதத்துக்கு 28 நாளா 31 நாளா என்று தெரிய வேண்டியதில்லை. போஸ்ட்கிரஸை எனக்குப் பிடித்ததற்கு முதல் காரணமே, பெரும்பாலான இடங்களில் அதுவும் இதே கணக்கைப் பின்பற்றுவதுதான். டேபிளைத் துண்டுகளாகப் பிரிக்க 10-ஆம் பதிப்பில் வந்த பார்ட்டிஷன் முறையில் 'ஃப்ரம்' எல்லை சேரும், 'டு' எல்லை சேராது. ரேஞ்ச் வகைகளின் (தொடக்கமும் முடிவும் சேர்ந்த ஒரே மதிப்பு) இயல்பு அடைப்பு '[ )': '[' பக்கம் சேரும், ')' பக்கம் சேராது. தேதி ரேஞ்சுக்கு '[2024-03-01,2024-03-31]' என்று மூடிக் கொடுத்தாலும் அதுவே '[2024-03-01,2024-04-01)' என்று மாற்றி வைத்துக்கொள்ளும். சீர்மை குலையும் இடம் வரிசையாகத் தேதிகளைத் தரும் 'ஜெனரேட்_சீரிஸ்' ஃபங்ஷன்: அது இரண்டு முனைகளையும் கொடுக்கும். நாள்பட்டியல் உருவாக்கும்போது முடிவு தேதியில் ஒரு நாளைக் கழிக்க மறந்தால் ரிப்போர்ட்டில் அடுத்த மாத முதல் நாள் பூஜ்ஜியத்தோடு வந்து நிற்கும்.

டைம்ஸோன்: மதிப்பெண் குறையும் இடம்

'டைம்ஸ்டாம்ப்' என்று மொட்டையாக எழுதினால் டைம்ஸோன் இல்லாத வகை கிடைக்கும். தரம் அப்படித்தான் சொல்கிறது, ஆனாலும் தேவைக்கு நேர் எதிரான இயல்பு இது. நிகழ்வு நடந்த நேரத்துக்கு எப்போதும் 'டைம்ஸ்டாம்ப்டிஇஸட்' வையுங்கள். இரண்டுக்கும் 8 பைட்தான். மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. பெயரைப் பார்த்து அதற்குள் டைம்ஸோன் சேமிக்கப்படுகிறது என்று நினைக்க வேண்டாம். உள்ளே வரும் நேரம் யூடிசிக்கு (உலகப் பொது நேரம்) மாற்றப்பட்டு, காட்டும்போது அந்த செஷனின் (டேட்டாபேஸோடு உள்ள அந்த இணைப்பின்) டைம்ஸோனில் வெளியே வரும், அவ்வளவுதான்.

மொட்டை வகையின் கெட்ட குணம் ஒன்று: '2024-03-01 10:00+03' என்று கொடுத்தால் அந்த +03-ஐச் சத்தமே போடாமல் தூக்கிப் போட்டுவிட்டு 10:00 என்று எழுதிக்கொள்ளும்.

அடுத்தது 'அட் டைம் ஸோன்'. இது இருமுகம் கொண்ட ஆள். டைம்ஸோன் உள்ள மதிப்பைக் கொடுத்தால் இல்லாததாக்கும், இல்லாததைக் கொடுத்தால் உள்ளதாக்கும். ஒரே ஸோனோடு தவறுதலாக இரண்டு முறை போட்டால் இரண்டாவது முதலாவதை ரத்து செய்து பழைய நேரத்துக்கே கொண்டுவந்துவிடும். ஸோன் பெயருக்குப் பதில் '+03:00' என்று எண்ணைக் கொடுத்தால் இன்னும் மோசம்: அதை போசிக்ஸ் (யூனிக்ஸ் வழித் தரம்) முறையில் படிக்கும், அதில் கூட்டல் குறி என்றால் கிரீன்விச்சுக்கு மேற்கே. நேர மதிப்புக்குள் +03 என்றால் கிழக்கு, இங்கே +03 என்றால் மேற்கு. ஆவணத்தில் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள், ஆனால் 6 மணி நேரம் தள்ளி வந்த ரிப்போர்ட்டைப் பார்த்த பிறகுதான் அந்தப் பக்கத்தை யாரும் திறப்பார்கள். எப்போதும் 'அமெரிக்கா/நியூ_யார்க்' மாதிரி முழுப் பெயரையே கொடுங்கள்.

ஒரு உதாரணத்தைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். 2024 மார்ச் 10 அன்று நியூயார்க்கில் கோடைநேரம் (கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளுவது) தொடங்கியது. அன்றைய நள்ளிரவு யூடிசியில் 05:00. மறுநாள் நள்ளிரவு யூடிசியில் 04:00. அதாவது அந்த நாளுக்கு 23 மணி நேரம்தான். அந்த ஒரு நாளின் பதிவுகளை எடுக்க:

வேர் நேரம் >= டைம்ஸ்டாம்ப் '2024-03-10' அட் டைம் ஸோன் 'அமெரிக்கா/நியூ_யார்க்'
ஆண்ட் நேரம் < (டைம்ஸ்டாம்ப் '2024-03-10' + இன்டர்வல் '1 டே') அட் டைம் ஸோன் 'அமெரிக்கா/நியூ_யார்க்'

கூட்டலை அடைப்புக்குள், மாற்றத்துக்கு முன்னால் செய்திருப்பதைக் கவனியுங்கள். மாற்றிய பிறகு ஒரு நாளைக் கூட்டினால், செஷன் யூடிசியில் இருக்கும்போது முழுசாக 24 மணி நேரம் கூடும்; 11-ஆம் தேதியின் முதல் ஒரு மணி நேரமும் 10-ஆம் தேதிக் கணக்கில் சேர்ந்துகொள்ளும். இந்தப் பிழை வருஷத்தில் இரண்டு நாள் மட்டும் தலைகாட்டும் என்பதால் சோதனையில் மாட்டவே மாட்டாது.

இன்டர்வல் வகை உள்ளே மாதம், நாள், மைக்ரோநொடி என்று மூன்றாகப் பிரிந்து 16 பைட்டில் இருக்கிறது. '1 டே', '24 அவர்ஸ்' இரண்டும் வேறு வேறாக நடந்துகொள்வது அதனால்தான். நல்ல வடிவமைப்பு. ஆனால் ஒப்பிடும்போது மட்டும் ஒரு மாதத்தை 30 நாளாக எண்ணிவிடும்; '1 மன்த்' = '30 டேஸ்' என்று கேட்டால் ஆம் என்று சொல்லும். 2024 ஜனவரி 31-உடன் ஒரு மாதம் கூட்டினால் பிப்ரவரி 29, அதோடு இன்னொரு மாதம் கூட்டினால் மார்ச் 29. சந்தா கணக்குகளில் மாதாமாதம் முந்தைய தேதியிலிருந்து கூட்டிக்கொண்டே போகாதீர்கள். தொடக்கத் தேதியோடு ஒரே தடவையில் இத்தனை மாதம் என்று கூட்டுங்கள்.

கூறு போடுதல்

நாள் வாரியாக, மணி வாரியாகச் சேர்க்க 'டேட்_ட்ரங்க்' போதும். டைம்ஸோன் உள்ள ஃபீல்டில் அது செஷன் டைம்ஸோனைப் பார்த்துத்தான் வெட்டும். ஒரே க்வெரி இரண்டு கனெக்‌ஷனில் இரண்டு விடை தரலாம். 12-ஆம் பதிப்பிலிருந்து மூன்றாவது ஆர்க்யூமென்ட்டாக ஸோன் பெயரைக் கொடுக்கலாம், கொடுத்துவிடுங்கள். 15 நிமிடம், 6 மணி நேரம் மாதிரியான கூறுகளுக்கு 14-இல் வந்த 'டேட்_பின்' இருக்கிறது. அதற்குத் தொடக்கப் புள்ளி ஒன்று கட்டாயம் தர வேண்டும். மாதம், வருடக் கூறுகளை ஏற்காது.

வாரம் திங்களில்தான் தொடங்கும், மாற்ற வசதியில்லை. ஞாயிறு வேண்டுமென்றால் ஒரு நாளைக் கூட்டி, வெட்டி, திரும்ப ஒரு நாளைக் கழிக்க வேண்டும். ஐஎஸ்ஓ (சர்வதேசத் தரம்) வார எண்ணோடு சாதாரண வருடத்தைக் கலந்துவிடாதீர்கள்: 2024 டிசம்பர் 30 ஐஎஸ்ஓ கணக்கில் 2025-இன் முதல் வாரம். வருடத்தை மட்டும் சாதாரணமாக எடுத்தால் '2024-01' என்று வந்து அந்த வாரத்து விற்பனை ஜனவரிப் பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும்.

பதிவே இல்லாத நாட்களும் தெரிய வேண்டுமென்றால் 'ஜெனரேட்_சீரிஸ்' தரும் நாள்பட்டியலோடு லெஃப்ட் ஜாயின் (இடப்பக்கப் பட்டியலில் உள்ள எல்லாமே வரும் இணைப்பு). ஆர்டர் டேபிளுக்கான நிபந்தனை 'ஆன்' பகுதியில் இருக்க வேண்டும். 'வேர்' பகுதிக்குக் கொண்டுபோனால் காலி நாட்களெல்லாம் வடிகட்டப்பட்டு, செய்த வேலை வீண். எண்ணும்போதும் கவுன்ட்(*) போடக் கூடாது. காலி நாளுக்கும் 1 என்று வரும். ஆர்டர் ஐடியை எண்ணுங்கள்.

ரேஞ்ச் வகை: காசு கொடுத்தாலும் வாங்கலாம்

பதிவுக்கே தொடக்கம், முடிவு என்று இரண்டு நேரம் இருக்கும்போதுதான் இந்தத் தயாரிப்பின் தரம் தெரிகிறது. அறை முன்பதிவு, ஷிஃப்ட், விலை அமலில் இருந்த காலம் எல்லாம் இந்த ரகம். 'இந்த இடைவெளியோடு மோதுபவை எவை' என்பதற்குப் பலரும் நாலு கிளை 'ஆர்' எழுதுவார்கள். இரண்டே நிபந்தனை போதும்: அதன் தொடக்கம் < என் முடிவு, என் தொடக்கம் < அதன் முடிவு. எந்த டேட்டாபேஸிலும் ஓடும்.

ஆனால் வேகத்தில் சிக்கல். (தொடக்கம், முடிவு) என்று பி-ட்ரீ இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் வழக்கமான வரிசைப் பட்டியல்) போட்டாலும் ஒரு பக்க நிபந்தனைதான் தேடும் பரப்பைக் குறுக்கும். நேற்றைய முன்பதிவுகளைத் தேடினால் 'தொடக்கம் < நேற்று முடிவு' என்பது வரலாறு முழுக்கப் பொருந்தும். அத்தனையையும் புரட்டி முடிவு நேரத்தைச் சரிபார்க்க வேண்டியிருக்கும். போஸ்ட்கிரஸில் 9.2-இலிருந்து டைம்ஸ்டாம்ப் ரேஞ்ச் ஒரே ஃபீல்டாகவே இருக்கலாம். அதன்மேல் ஜிஸ்ட் (ரேஞ்சுகளைத் தேடத் தெரிந்த) இண்டெக்ஸ் போட்டு '&&' என்று கேட்டால் மோதல், '@>' என்று கேட்டால் உள்ளடக்கம். முடிவு தெரியாதவற்றுக்கு மேல் எல்லையை 'நல்' (மதிப்பே இல்லை) ஆக விட்டால் 'எல்லையில்லை' என்று தானாகப் புரிந்துகொள்ளும். 9999-12-31 மாதிரி பொய்த் தேதி எதுவும் வேண்டாம்.

மோதலைக் கண்டுபிடிப்பதைவிட நடக்கவே விடாமல் தடுப்பது நல்லது:

எக்ஸ்க்ளூட் யூஸிங் ஜிஸ்ட் (அறை வித் =, காலநேரம் வித் &&)

அறை எண் சாதாரண இன்டிஜர் என்றால் 'பிட்ரீ_ஜிஸ்ட்' எக்ஸ்டென்ஷன் (கூடுதலாகச் சேர்க்கும் தொகுப்பு) வேண்டும். இல்லையென்றால் இன்டிஜருக்கு ஜிஸ்ட்டில் ஆபரேட்டர் கிளாஸ் இல்லை என்று எரர் வரும். அப்ளிகேஷனில் 'முதலில் தேடு, இல்லையென்றால் சேர்' என்று எழுதினால் இரண்டு பேர் ஒரே நொடியில் வரும்போது இருவருக்கும் அறை கிடைத்துவிடும். இந்தக் கட்டுப்பாட்டில் இரண்டாமவருக்கு எரர். 10:00–11:00, 11:00–12:00 இரண்டும் '[ )' கணக்கில் மோதாது.

ஒரு ஓட்டை மட்டும் இருக்கிறது. தொடக்கமும் முடிவும் ஒன்றாக இருந்தால் ரேஞ்ச் 'எம்ப்டி' ஆகிவிடும். எம்ப்டி எதோடும் மோதாது, எனவே எத்தனை வேண்டுமானாலும் உள்ளே நுழையும். 'செக் (நாட் இஸ்எம்ப்டி(காலநேரம்))' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். 2025-இல் வந்த 18-ஆம் பதிப்பில் ப்ரைமரி கீயிலேயே 'வித்அவுட் ஓவர்லாப்ஸ்' எழுதலாம். அது எம்ப்டியை ஏற்பதில்லை. இன்டிஜருக்கு அதற்கும் அதே எக்ஸ்டென்ஷன்தான் தேவை.

வேகம்

மெதுவான நேரத் தேடலைப் பார்த்தால் முதலில் ஃபீல்டின்மேல் ஃபங்ஷன் போர்த்தியிருக்கிறதா என்று பாருங்கள். 'நேரம்::டேட் = ...' என்று எழுதினால் நேரத்தின்மேல் போட்ட சாதாரண இண்டெக்ஸ் உதவாது. அதற்கென்றே தனி இண்டெக்ஸ் போடப் போனால், டைம்ஸோன் உள்ள ஃபீல்டில் 'ஃபங்ஷன் இம்யூட்டபிளாக இருக்க வேண்டும்' என்று மறுத்துவிடும். செஷன் டைம்ஸோனைப் பொறுத்து விடை மாறுவதுதான் காரணம். ஸோன் பெயரோடு 'அட் டைம் ஸோன்' போட்டு டேட்டாக மாற்றினால் ஏற்கும். அதைவிட, கணக்கையெல்லாம் நிலையான மதிப்புப் பக்கம் தள்ளி ஃபீல்டின்மேல் எதையும் போர்த்தாமல் விடுவதே சுலபம். தேவையில்லாத பார்ட்டிஷன்களை ஒதுக்கும் வெட்டுக்கும் இதே நிபந்தனை.

கூட்டு இண்டெக்ஸில் சமக்குறிக்கு வருவது முன்னால், வீச்சுக்கு வருவது பின்னால்: (கருவி_ஐடி, நேரம்). திருப்பிப் போட்டால் அந்த நேரத்தில் எல்லாக் கருவிகளும் எழுதியதைக் கடந்து வர வேண்டும்.

பதிவுகள் நேர வரிசையிலேயே வந்து விழும் பெரிய லாக் டேபிளுக்கு 9.5-இல் வந்த பிரின் இண்டெக்ஸ். 8 கேபி பக்கங்கள் 128, அதாவது 1 எம்பிக்கு ஒரு சின்னச் சுருக்கம் மட்டும் வைக்கும். 100 ஜிபி டேபிளுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் சுருக்கங்கள்தான். பி-ட்ரீ பக்கத்தில் வைத்தால் தூசு. ஆனால் பழைய தேதிப் பதிவுகளைப் பின்னால் ஏற்றினாலோ, அடிக்கடி அப்டேட் செய்து பதிவுகள் இடம் மாறினாலோ ஒவ்வொரு சுருக்கத்தின் வீச்சும் அகன்று எதையும் ஒதுக்க முடியாமல் போகும். 'பிஜி_ஸ்டாட்ஸ்' வியூவில் 'கோரிலேஷன்' (பதிவுகள் எவ்வளவு வரிசையாக இருக்கின்றன என்ற அளவு) 1-க்குப் பக்கத்தில் இருந்தால் போடுங்கள்.

'கடைசியாக எடுத்ததிலிருந்து' எனும் பொறி

'நவ்()' தருவது இந்த நொடியை இல்லை, ட்ரான்ஸாக்‌ஷன் (ஒரே தொகுப்பாகச் சேமிக்கப்படும் வேலை) தொடங்கிய நொடியை. 10:00:00-க்குத் தொடங்கி 10:00:40-க்கு கமிட் ஆன (அப்போதுதான் மற்றவர்கள் கண்ணில் படும்) பதிவில் 10:00:00 என்றுதான் இருக்கும். 10:00:30-க்கு ஒரு ஜாப் வந்து அதுவரை உள்ளதையெல்லாம் எடுத்துவிட்டு, அடுத்த முறை 'நேரம் >= 10:00:30' என்று கேட்டால் அந்தப் பதிவு ஒருநாளும் மாட்டாது. 'க்ளாக்_டைம்ஸ்டாம்ப்()' போட்டாலும் எழுதுவதற்கும் கமிட்டுக்கும் இடையிலான ஓட்டை மிஞ்சும். நீளமான ட்ரான்ஸாக்‌ஷன் எவ்வளவு நேரம் ஓடும் என்று பார்த்து அதைவிட அதிகமாகப் பின்னோக்கிப் போய் மறுபடி படியுங்கள்; இரண்டாம் முறை வருவதை, இருப்பதையே மறுபடி சேர்க்காமல் தடுக்கும் 'ஆன் கான்ஃப்ளிக்ட்' பார்த்துக்கொள்ளும்.

மற்றவற்றோடு வைத்துப் பார்த்தால்

மைஎஸ்க்யூஎல்லில் ரேஞ்ச் வகை இல்லை. அதன் டைம்ஸ்டாம்ப் வகை 2038 ஜனவரி 19-ஐத் தாண்டாது. டேட்டைம் தாண்டும், ஆனால் டைம்ஸோன் அறியாது. இரண்டிலுமே துல்லியம் குறிப்பிடாவிட்டால் நொடிப் பின்னம் கிடையாது, 23:59:59.7 என்று கொடுத்தால் இயல்பாக அடுத்த நாள் நள்ளிரவுக்குத் தூக்கிவிடும். ஸோன் டேபிள்களை ஏற்றாமல் 'கன்வர்ட்_டிஇஸட்'டுக்கு ஸோன் பெயரைக் கொடுத்தால் நல் வரும். நல்லோடு ஒப்பிட்டால் ஒரு பதிவும் வராது.

எஸ்க்யூஎல் சர்வரின் பழைய டேட்டைம் 1/300 நொடிக்குத்தான் துல்லியம். அதில் '23:59:59.999' எழுதினால் மறுநாள் நள்ளிரவாகிவிடும். பிட்வீனோடு சேர்ந்தால் அடுத்த நாளின் முதல் பதிவும் உள்ளே. டேட்டைம்2 பயன்படுத்துங்கள். ஃபீல்டை டேட்டாக மாற்றி ஒப்பிட்டாலும் இண்டெக்ஸைத் தேட முடிவது இதன் தனிச் சாமர்த்தியம். போஸ்ட்கிரஸுக்கு இது வராது.

எஸ்க்யூலைட்டில் தேதி வகையே இல்லை, எழுத்தாக வைத்தால் எழுத்தாகவே ஒப்பிடும். தேதிக்கும் மணிக்கும் நடுவே 'டி' (T) எழுத்து போட்ட பதிவுகளும் வெற்றிடம் போட்டவையும் கலந்தால் போச்சு: வெற்றிடத்தைவிட அந்த எழுத்து பெரியது, எனவே ஒரே நாளில் காலை 10 மணி இரவு 11 மணியைவிடப் பெரிதாகிவிடும். 'டேட்டைம்()' ஃபங்ஷன் தருவது வெற்றிட வடிவம்.

வாங்கலாமா

புதிதாகத் தொடங்குபவர்கள் 14-க்குக் கீழே யோசிக்கவே வேண்டாம். முன்பதிவு வேலை என்றால் 18. ஏற்கெனவே மொட்டை டைம்ஸ்டாம்ப்பில் யூடிசி நேரத்தை வைத்திருப்பவர்களுக்கு மாறுவது பயப்படும் அளவுக்கு இல்லை. செஷன் டைம்ஸோனை யூடிசி ஆக்கிவிட்டு, 'யூஸிங்' எதுவும் சேர்க்காமல் ஆல்டர் டேபிளில் வகையை மட்டும் மாற்றினால், 12-ஆம் பதிப்பிலிருந்து டேபிளைத் திருப்பி எழுதாமலே முடிந்துவிடும். உள்ளே இருப்பது உள்ளூர் நேரம் என்றால் 'யூஸிங் நேரம் அட் டைம் ஸோன்' கட்டாயம். அப்போது டேபிள் முழுக்கத் திருப்பி எழுதப்படும். முடியும் வரை படிக்கவும் விடாது, எழுதவும் விடாது. கோடைநேரம் உள்ள ஊர் என்றால் கடிகாரம் பின்னுக்குப் போன இரவுகளின் பதிவுகளை முதலில் தனியாக எடுத்து வையுங்கள். நியூயார்க்கில் 2024 நவம்பர் 3 அன்று 01:30 இரண்டு முறை வந்தது. உள்ளூர் நேரமாக வைத்திருந்தால் எது முதலாவது, எது இரண்டாவது என்று அந்த ஃபீல்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஐடி வரிசையைப் பார்த்துப் பிரிக்க முடிகிறதா என்று பாருங்கள்.